நான்கு வயதுச் சிப்பிப்பாறைக்கு முன்வளைய பாடி பெல்ட்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாயின் நெஞ்சையும் உடலையும் சுற்றி மாட்டும், கடைக்காரர்கள் பாடி பெல்ட் என்று சொல்லும் ஹார்னஸில் இரண்டு வகை உண்டு. முதுகில் மட்டும் வளையம் உள்ளது ஒன்று. முதுகோடு நெஞ்சின் நடுவிலும் ஒரு வளையம் உள்ளது மற்றொன்று. இரண்டாவது வகையை நான் சென்ற ஆவணி மாதம் 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். அன்று முதல் இந்தச் சித்திரை வரை, மழை கொட்டிய சில நாள்களையும் கீழே சொல்லும் சில இடைவெளிகளையும் தவிர, தினமும் இரண்டு வேளை அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். இதே அமைப்பில் பல பெயர்களில் பல நிறுவனங்களின் பொருள்கள் கிடைப்பதாலும், நான் சொல்லப்போகும் குறை நிறைகளில் பெரும்பாலானவை அந்த அமைப்புக்கே உரியவை என்பதாலும், என்னிடம் இருப்பதன் பெயரைக் குறிப்பிடவில்லை. சுருங்கச் சொன்னால் இது நல்ல பொருள்தான். ஆனால் அட்டையில் அச்சிட்டிருப்பதைப் போல இழுப்பதை நிறுத்தும் பொருள் அன்று. நாய்க்குச் சொல்லிக்கொடுக்க நமக்கு அவகாசம் வாங்கித்தரும் பொருள். இந்த வேறுபாடு புரியாமல் வாங்குகிறவர்கள் ஒரு மாதத்தில் அதை ஆணியில் மாட்டிவிடுவார்கள் என்பதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் நாயின் பெயர் செவலை. கோவில்பட்டிப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த என் மாமா, தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் மாறியபோது, நான்கு வயதில் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்தது. உயர்ந்த கால்களும் ஆழ்ந்த நெஞ்சும் ஒடுங்கிய வயிறும் நீண்ட முகமும் கொண்ட சிப்பிப்பாறை இனம். எடை 22 கிலோ. முகர்ந்து தேடுவதைவிடக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் இது. முன்பு கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னால் ஓடியது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அந்த வேட்டை குற்றம். வேட்டை நின்றாலும் கண் நிற்கவில்லை. கே.கே. நகர்த் தெருவில் அறுபது அடி தொலைவில் ஒரு பூனை வாலை அசைத்தால் செவலையின் உடல் முழுவதும் அம்பு போல் நீண்டுவிடும். மாமாவின் தோட்டத்தில் பகலில் சங்கிலியும் இரவில் அவிழ்த்துவிடுவதுமாக இருந்த அதற்கு, ஒரு மனிதரின் பக்கத்தில் அவர் வேகத்துக்கு நடப்பது என்ற வழக்கமே அதுவரை அறிமுகமாகியிருக்கவில்லை.

வந்த மூன்றாவது வாரம், ஆடி மாதத்தில், காலை நடைக்கு அழைத்துச் சென்ற என் அப்பாவை அது பூனையைக் கண்டு இழுத்ததில் அவர் சாக்கடை மூடியின் மேல் விழுந்தார். அவருக்கு 67 வயது. மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு. சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்ததுதான் காயத்தைப் பெரிதாக்கியது. இதைப் படிக்கிறவர்களில் அப்படிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்றே அதை விட்டுவிட வேண்டும். கைப்பிடி வளையத்தில் கட்டைவிரலை மட்டும் கோத்து, எஞ்சியதை உள்ளங்கையில் மடித்துப் பிடித்தால், கை மாட்டிக்கொள்ளாது. தேவைப்பட்டால் விடவும் முடியும்.

அப்பா விழுந்த பிறகு அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். நான் பெல்ட் கேட்டுச் சென்ற கடையில், “நாட்டு நாய்க்கெல்லாம் சங்கிலிதான் அக்கா சரிப்படும், இல்லேன்னா சோக் செயின் போடுங்க, ரெண்டே நாள்ல வழிக்கு வந்துரும்” என்றார்கள். அதை நம்பி நான் சோக் செயின் வாங்கினேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இழுத்தால் கழுத்தைச் சுற்றி இறுகும் அந்தச் சங்கிலியை நான்கு நாள் பயன்படுத்தினேன். செவலை இழுப்பதை நிறுத்தவில்லை; இழுத்துக்கொண்டே இருமியது. நடை முடிந்து வந்ததும் மூச்சுத் திணறிக் கக்குவது போன்ற ஓசையும், கண் வெள்ளையில் சிவப்பும் இருந்தன. கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். கழுத்தில் மூச்சுக்குழலும் இரத்த நாளங்களும் தைராய்டும் நெருங்கி இருப்பதை விளக்கிய அவர், அன்றே அதைக் கழற்றி வைக்கச் சொன்னார். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்துப் பட்டையை எதிர்த்து நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் உயர்வதும், ஹார்னஸில் இழுக்கும்போது அவ்வாறு உயராததும் அளந்து காட்டப்பட்டுள்ளன. கண்ணழுத்த நோய் உள்ள நாய்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வலி கொடுத்துப் பழக்குவதைத் தவிர்த்து, பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைப்பதாக அமெரிக்காவின் விலங்கு நடத்தை மருத்துவர்களின் சங்கம் 2021-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எனக்கு அந்த அறிக்கை தெரிந்திராவிட்டாலும், செவலையின் கண்களைப் பார்த்த பிறகு அந்தச் சங்கிலியை மறுபடி தொட்டிருக்க மாட்டேன்.

இனி பெல்ட்டைப் பற்றி. முதுகு வளையத்தில் மட்டும் லீஷை, அதாவது நாயை நாம் பிடித்து நடக்கும் வாரை, கோத்தால், இழுக்கும் நாய்க்கு அது வண்டி மாட்டின் நுகத்தடி போல வசதியாகிவிடுகிறது. பாரம் நெஞ்சு முழுவதும் பரவுவதால் வலியில்லாமல் முழு பலத்தோடும் இழுக்க முடியும். நெஞ்சு வளையத்தில் கோத்தால் கதை வேறு. நாய் முன்னோக்கிப் பாயும்போது லீஷ் அதன் நெஞ்சைப் பக்கவாட்டில் திருப்புகிறது. போக நினைத்த திசைக்குப் பதிலாக நம்மை நோக்கி முகம் திரும்புகிறது. பலம் குறைவதில்லை, திசை மாறுகிறது. 22 கிலோ நாயைக் கழுத்துப் பட்டையில் பிடிக்க எனக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. நெஞ்சு வளையத்தில் ஒரு கை போதுமாக இருந்தது. தெருவில் இறங்கிய முதல் நாளே தெரிந்த இந்த நன்மைக்காகவே கொடுத்த விலை தகும் என்பேன். அப்பா இப்போது மறுபடி அதை அழைத்துச் செல்கிறார் என்றால், முதற்காரணம் இதுதான்.

முதல் நாள் கிடைத்த அந்த நிம்மதியோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு என்ன நேரும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த தெருவில் இதே போன்ற பெல்ட்டை வாங்கிய ஒரு குடும்பத்தின் லாப்ரடார், இரண்டே மாதத்தில் உடலைச் சற்றுக் கோணலாக வைத்துக்கொண்டே இழுக்கப் பழகிவிட்டது. நாய் இழுப்பது அடங்காமையால் அன்று. இழுத்தால் முன்னே போக முடிகிறது என்பதனால் இழுக்கிறது. ஒவ்வொரு முறை அது இழுக்கும்போதும் நாம் ஓர் அடி பின்தொடர்ந்தால், அந்த ஓர் அடி அதற்குக் கூலி. நான்கு ஆண்டுகளாக அந்தக் கூலியை வாங்கிய நாயிடம் ஒரு வாரத்தில் வேறு கணக்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. குட்டியைவிட வளர்ந்த நாய்க்குக் கூடுதல் காலம் பிடிப்பது இதனால்தானே தவிர, அதன் மூளை மூப்படைந்துவிட்டது என்பதால் அன்று. பார்க்கப்போனால், ஒரு விஷயத்தில் பத்து நிமிடம் மனத்தை நிறுத்துவது குட்டியைவிட நான்கு வயது நாய்க்கு எளிதாக இருக்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் செவலையைத்தான் காட்டுகிறேன்.

பெல்ட் வந்த முதல் ஐந்து நாள் நாங்கள் தெருவில் கால் வைக்கவே இல்லை. தலைக்கு மேல் எதையாவது கொண்டுவந்தால் செவலை பதுங்கிவிடும். தோட்டத்தில் அதற்கு என்ன அனுபவமோ. ஆகவே பெல்ட்டின் கழுத்துத் துவாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி ஈரல் துண்டைத் துவாரத்தின் மறுபக்கம் காட்டினேன். அதுவாகவே முகத்தை உள்ளே நுழைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். நான் மாட்டிவிடக் கூடாது. இரண்டாம் நாள் மாலைக்குள் பெல்ட்டைக் கையில் எடுத்தாலே முகத்தை நீட்டிக்கொண்டு வந்தது. பிறகு பக்கிள்கள் மாட்டும் சத்தத்துக்கு ஒரு துண்டு, மாட்டியபடி வீட்டுக்குள் நான்கு எட்டு வைத்ததற்கு ஒரு துண்டு என்று போனது. பெல்ட்டைப் போட்டதும் நாய் சிலை போல நின்றுவிடுகிறது, இந்தப் பொருள் சரியில்லை என்று சொல்கிறவர்கள் பலர். அவர்கள் இந்த ஐந்து நாளைச் செலவிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன் பின் மொட்டை மாடி. அங்கே நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: லீஷ் தூளி போலத் தொய்ந்திருந்தால் நாம் நடப்போம், இறுகினால் நிற்போம். இறுகிய கணத்தில் நான் நிற்பேன். அதட்டுவதில்லை, பின்னால் இழுப்பதில்லை. பின்னால் இழுத்தால் நாய் இயல்பாகவே எதிர்த்து முன்னால் சாயும். அது திரும்பிப் பார்த்தோ, ஓர் எட்டுப் பின்வைத்தோ லீஷைத் தொய்யவிட்டதும் “கூட வா” என்று சொல்லி நடப்பேன். என் இடது கால் ஓரமாக வந்து சேர்ந்ததும், கால்சட்டையின் பக்கத் தையல் இருக்கும் இடத்தில் ஈரல் துண்டு கிடைக்கும். துண்டை எங்கே கொடுக்கிறோம் என்பது மிக முக்கியம். முன்னால் கையை நீட்டிக் கொடுத்தால் நாய் முன்னால்தான் நிற்கும். நாம் எங்கே அதை நடக்கச் சொல்கிறோமோ அந்த இடத்தில்தான் துண்டும் வர வேண்டும். முதலில் இரண்டு எட்டுக்கு ஒரு துண்டு, பிறகு ஐந்துக்கு ஒன்று, பிறகு எப்போது கிடைக்கும் என்று அதற்கே தெரியாதபடி. ஈரலில் வைட்டமின் ஏ செறிந்திருப்பதால் நாளொன்றுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் கொடுப்பதில்லை. மீதிக்குக் கோழிக்கறியும் கேரட்டும். வெங்காயம் சேர்த்து வதக்கிய எதையும் கொடுக்கக் கூடாது, நாய்க்கு அது நஞ்சு. திராட்சையும் அப்படியே.

தெருவுக்கு வந்த முதல் நாள், எங்கள் வாசலிலிருந்து முனையில் உள்ள மின்கம்பம் வரை, சுமார் நாற்பது மீட்டர், செல்வதற்கு இருபத்தைந்து நிமிடமாயிற்று. பழைய டைரியில் குறித்து வைத்தேன்: முதல் வாரத்தில் அந்தத் தொலைவுக்குள் லீஷ் சராசரியாக அறுபது முறைக்கு மேல் இறுகியது. இரண்டாம் வாரத்தின் நடுவில் நிலைமை மோசமாயிற்று. முன்பைவிட வெறியோடு இழுத்தது, குரைத்தது, லீஷைப் பல்லால் பிடித்து உலுக்கியது. பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். இதுவரை பலன் தந்த ஒரு செயல் திடீரெனப் பலன் தராமல் போனால், எந்த உயிரும் அதை நிறுத்துவதற்கு முன் இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். பம்பில் தண்ணீர் வராவிட்டால் நாம் கைப்பிடியை வேகமாக அடிப்பதைப் போல. அந்த வேகத்துக்கு நாம் ஒரே ஒரு முறை இடம் கொடுத்தாலும், அடுத்த முறை அந்த அளவு பலத்திலிருந்தே தொடங்கும். நான் நின்றேன். நான்கு நாளில் அது தணிந்தது. மூன்றாம் வார இறுதியில் முப்பத்தெட்டு, ஆறாம் வாரத்தில் பதினைந்து, மூன்று மாதம் முடிந்தபோது நான்கைந்து என்று எண்ணிக்கை குறைந்தது.

இதில் வீட்டார் அனைவரும் ஒரே மாதிரி நடப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். நான் காலையில் நின்று நின்று பழக்கியதை, என் தம்பி மாலையில் அவசரமாக அழைத்துப்போய் இழுக்கவிட்டு அழித்துக்கொண்டிருந்தான். எப்போதாவது மட்டும் பலிக்கிற பழக்கம், எப்போதும் பலிக்கிற பழக்கத்தைவிட ஆழமாக வேரூன்றும். ஆகவே இது சிறிய இடையூறு அன்று. இங்கேதான் இந்த பெல்ட்டின் இரண்டு வளையங்களும் நான் எதிர்பாராத வகையில் உதவின. நெஞ்சு வளையத்தில் லீஷ் இருந்தால் பாடம்; அப்போது இழுப்பு பலிக்காது. நேரமில்லாதபோதும், தம்பி அழைத்துப் போகும்போதும் முதுகு வளையம். அப்போது இழுத்தாலும் பாடம் கெடாது. நெஞ்சில் கொக்கி மாட்டும் சத்தத்துக்கும் முதுகில் மாட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் செவலை பத்து நாளில் புரிந்துகொண்டது. தம்பியின் மனம் மாறுவதற்குத்தான் கூடுதல் நாள் ஆயிற்று.

இனிக் குறைகள். முதலாவது, அளவு. அட்டையில் எடையை வைத்து அளவு குறிக்கப்பட்டிருந்தது. 22 கிலோவுக்கு நடுத்தர அளவு என்றிருந்ததை நம்பி வாங்கினேன். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நம் நாய்களுக்கு எடைக் கணக்கு பொருந்தாது. நெஞ்சு ஆழமாகவும் இடுப்பு ஒடுக்கமாகவும் இருப்பதால், நெஞ்சுச் சுற்றளவுக்குச் சரியான வார் வயிற்றுப் பக்கம் நழுவும்போது தொளதொளவென்றாகிவிடும். நாயை நேராக நிற்க வைத்து, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் மிக ஆழமான இடத்தைத் துணி டேப்பால் அளக்க வேண்டும். செவலைக்கு 68 செ.மீ. கழுத்தின் அடிப்பகுதியை, பட்டை போடும் இடத்தை அல்லாமல் தோளோடு சேரும் இடத்தை, தனியாக அளக்க வேண்டும். முதலில் வாங்கியதை மாற்றிப் பெரிய அளவு எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல் தலை வெளியிட்ட நாட்டில், அதன் உடல்வாகுக்கென்று வெட்டித் தைத்த ஒரு பெல்ட் நான் ஏறி இறங்கிய கடைகள் எதிலும் இல்லை என்பது வருத்தமாக இருக்கிறது. இங்கே தைப்பவர்கள் யாராவது இதை ஒரு தொழிலாக எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது, உராய்வு. இந்த இனத்துக்கு மயிர் குட்டை, தோல் மெல்லியது. மூன்றாம் வாரத்தில் இரண்டு அக்குள்களிலும் சிவந்து, வலதுபுறம் தோல் உரியத் தொடங்கியது. நைலான் வாரின் ஓரம் கத்தி போல இருந்ததும், நெஞ்சுப் பட்டை முன்னங்காலுக்கு மிக நெருங்கி இருந்ததும் காரணங்கள். ஐந்து நாள் நடையை நிறுத்தி ஆறவிட்டு, முழங்கைக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல் அகலம் இருக்குமாறு பின்னுக்குத் தள்ளி, அந்தப் பகுதிக்கு மட்டும் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து உறை போலத் தைத்தேன். அதன் பிறகு புண் வரவில்லை. மதுரை வெயிலில் உடலின் எண்ணெய்ப் பசையும் புழுதியும் வாரில் படிந்து காய்ந்துவிடுவதால், வாரம் ஒரு முறை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவதும் அவசியம் என்று பட்டது. உள்பக்கம் துணிப் பஞ்சு வைத்துத் தைத்த வகைகள் உள்ளன. ஆனால் அவை சூட்டைத் தேக்குகின்றன, உலர அரை நாள் ஆகிறது. நம் வானிலைக்கு மெல்லிய வாரும் மெல்லிய உறையுமே நல்லது.

மூன்றாவது குறைதான் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. தலை குறுகலாகவும் கழுத்து வலுவாகவும் உள்ள இவ்வகை நாய்கள், பயந்து பின்னோக்கி நகர்ந்தால், பெல்ட்டிலிருந்து தலையையும் இரண்டு முன்னங்கால்களையும் உருவிக்கொண்டு வெளியேறிவிடும். ஐப்பசியில் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், பக்கத்துச் சந்தில் வெடித்த ஒரு சரத்துக்குச் செவலை அப்படித்தான் உருவிக்கொண்டு போனது. வெறும் பெல்ட் என் கையில் இருந்தது. நாய் பிரதான சாலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடை வாசலில் நின்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர் மடக்கிப் பிடித்தார். அவர் இல்லாவிட்டால் இந்த மதிப்புரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்று முதல் இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். ஒன்று, மார்ட்டிங்கேல் என்று சொல்லப்படும், இழுத்தால் தலை உருவ முடியாத அளவுக்கு மட்டும் இறுகி அதற்கு மேல் இறுகாத அகன்ற துணிப் பட்டையைக் கழுத்தில் போட்டு, அதையும் பெல்ட்டின் வளையத்தையும் ஒரு சிறு வாரால் இணைத்தேன். பாரம் பெல்ட்டில்தான் விழும், பட்டை காவலுக்கு மட்டும். இரண்டு, பட்டாசுக் காலத்திலும் திருவிழா வேட்டு நாள்களிலும் நடையையே நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் மறைத்து வைத்த துண்டுகளை மோந்து தேடும் விளையாட்டுக்கு மாறினேன். ஒடுங்கிய தலையுள்ள எந்த நாய்க்கும் இந்த இணைப்பு வார் இல்லாமல் முன்வளைய பெல்ட்டைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்காவதாக, நெஞ்சு வளையத்தில் மட்டும் லீஷ் இருந்தால் பெல்ட் முழுவதும் ஒரு பக்கமாகச் சுழன்று விடுகிறது; லீஷ் தொய்ந்திருக்கும்போது முன்னங்காலுக்கு அடியில் சிக்குவதும் உண்டு. இரண்டு முனையிலும் கொக்கி உள்ள இரண்டு மீட்டர் லீஷை வாங்கி, ஒரு முனையை நெஞ்சிலும் மறு முனையை முதுகிலும் மாட்டி நடுவில் பிடித்தபோது இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. தோள் அசைவைப் பற்றியும் ஒரு கவலை உண்டு. நெஞ்சுக்குக் குறுக்கே ஓடும் வார்கள் தோளைத் தடுக்கும், ஒய் வடிவத்தில் கழுத்திலிருந்து இறங்குபவை தடுக்கா என்று பொதுவாகச் சொல்வார்கள். 2019-இல் வெளியான ஓர் அளவீட்டில் இரண்டு வகையுமே தோள் நீள்வதைக் குறைத்தன. தடுக்காது என்று கருதப்பட்ட வகைதான் கூடுதலாகக் குறைத்தது. அளந்த நாய்கள் சிலவே என்பதால் அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் நான் அதிலிருந்து ஒரு வழக்கத்தை எடுத்துக்கொண்டேன்: பெல்ட் நடைக்கு மட்டும்தான், வாசலுக்குள் வந்ததும் கழற்றிவிடுவேன். நாள் முழுவதும் பெல்ட்டோடு கட்டிப்போட்டிருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். அது தவறான பயன்பாடு.

மாற்றுப் பொருள்களைப் பற்றிச் சில வரிகள் போதும். மூக்கின் மேல் மாட்டித் தலையைத் திருப்பும் ஹெட் ஹால்டரை ஒருவரிடம் இரவல் வாங்கிப் பார்த்தேன். இழுப்பைக் கட்டுப்படுத்துவதில் அது இதைவிடச் சக்தி வாய்ந்தது. ஆனால் செவலை போல அம்பாகப் பாயும் நாய் லீஷின் முனையை எட்டும்போது கழுத்து சட்டென்று முறுக்கிக்கொள்ளும் என்ற அச்சத்தால் இரண்டாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் லீஷ் இந்தப் பயிற்சிக்கு நேர்விரோதமானது. அதில் எப்போதும் சிறிது இறுக்கம் இருந்துகொண்டே இருக்கும், இழுத்தால் நீளமும் கிடைக்கும். நாம் மறக்கச் சொல்வதையே அது நாள்தோறும் கற்பிக்கிறது. அதன் மெல்லிய கயிறு விரலை அறுத்துவிடவும் கூடும்.

பெல்ட்டால் செய்ய முடியாத வேலைகளில் பெரியது தெருநாய்களைச் சமாளிப்பது. எங்கள் பகுதியில் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு கூட்டம் உண்டு. கட்டிய நாய் தங்கள் எல்லைக்குள் வருவதை அவை விரும்புவதில்லை. எதிரே நாய் நிற்கும்போது லீஷை இறுக்கிப் பிடிப்பது நம் இயல்பு. அந்த இறுக்கமே செவலைக்கு ஆபத்து என்ற செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. தொலைவுதான் இதற்கு மருந்து என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. செவலை ஒரு நாயைப் பார்த்தும் ஈரல் துண்டை வாங்கிச் சாப்பிட முடிகிற தொலைவு எதுவோ, அங்கேயே நின்று, பார்த்ததற்கு ஒரு துண்டு, என்னைத் திரும்பிப் பார்த்ததற்கு இன்னொன்று என்று கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். துண்டை மறுத்தால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். தொடக்கத்தில் அந்தத் தொலைவு ஒரு தெருவின் முழு நீளம். இப்போது தெருவின் அகலம். நடை நேரத்தையும் அதிகாலை ஐந்தேகாலுக்கு மாற்றிக்கொண்டேன். தெருநாய்கள் அப்போதுதான் உறங்கத் தொடங்கியிருக்கும், தாரும் குளிர்ந்திருக்கும். மாலையில் புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார்த்து, சுடவில்லையென்றால்தான் வெளியே போகிறோம். கத்திரி வெயிலில் அது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான்.

நடை என்றால் நேராக நடப்பது மட்டும் அன்று என்பதையும் செவலைதான் எனக்குக் காட்டியது. வண்டியூர்க் கண்மாய்க் கரையில், இருபது எட்டு அமைதியாக வந்தால் “போ, மோந்துக்கோ” என்று சொல்லி, புல்லையும் வேப்பமர அடியையும் விரும்பிய நேரம் முகர விடுகிறேன். ஈரலைவிட அது பெரிய பரிசாக இருக்கும் நாள்களும் உண்டு. ஓடப் பிறந்த நாய் ஓடாமல் அமைதியாக நடக்காது என்பதால், வாரம் இரண்டு முறை உறவினர் ஒருவரின் வேலியிட்ட தென்னந்தோப்பில் பத்து மீட்டர்க் கயிற்றோடு ஓடவிடுகிறோம். அந்தக் கயிற்றை முதுகு வளையத்தில் மட்டுமே கட்ட வேண்டும். நெஞ்சிலோ கழுத்திலோ கட்டினால் ஓட்டத்தின் வேகத்தில் விழும் உதறல் உடலை முறுக்கிவிடும். இந்த ஓட்டம் இல்லாத வாரங்களில் லீஷ் இறுகும் எண்ணிக்கை மறுபடி இரட்டை இலக்கத்துக்குப் போனதை டைரி சொல்கிறது. வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாயைப் போதிய அளவு நடத்தாமலும் ஓடவிடாமலும் இருப்பது, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் கொடுமைகளின் பட்டியலிலேயே இருக்கிறது. வாசல் கம்பியில் ஆண்டுக்கணக்காகக் கட்டுண்டு குரைக்கும் நாய்களைக் கடந்து செல்லும்போதெல்லாம் அந்தப் பிரிவு எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்த நாய்கள் இழுக்கும் என்பதால் வெளியே அழைத்துப் போவதில்லை. வெளியே போகாததால்தான் அவை இழுக்கின்றன.

எட்டு மாதத்தில் பெல்ட்டின் தையல் ஓரிடத்தில் பிரிந்து, பேருந்து நிலையத்துக்கு அருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் முப்பது ரூபாய் கொடுத்து இரட்டைத் தையல் போட்டுக்கொண்டேன். பிளாஸ்டிக் பக்கிள்கள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. உலோக வளையத்தில் துரு இல்லை. சாயம் மட்டும் வெளுத்துவிட்டது. குட்டை மயிர், ஆழ்ந்த நெஞ்சு, குறுகிய தலை உள்ள நாய் என்றால் இணைப்பு வாரையும் துணி உறையையும் சேர்த்தே கணக்கில் கொண்டு வாங்குங்கள். மொத்தம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். கழுத்து தடித்து உடல் உருண்டிருக்கும் நாய்களுக்கு அந்தக் கூடுதல் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. நாளொன்றுக்கு இருபது நிமிடம் நின்று நின்று நடக்கப் பொறுமை இல்லாத வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்பா சென்ற மாதத்திலிருந்து காலை நடையை மறுபடி எடுத்துக்கொண்டார். முதல் வாரம் நான் பத்தடி பின்னால் நடந்து சென்றேன். மின்கம்பத்தின் அருகே வழக்கமான பூனை மதில் மேல் அமர்ந்திருந்தது. செவலை நின்றது, பார்த்தது, காதுகள் முன்னால் வந்தன; பிறகு அப்பாவின் இடது காலை நோக்கித் திரும்பி வந்து முகத்தை உயர்த்தியது. அப்பா மற்றொரு கையில் வைத்திருந்த கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையில் ஈரல் துண்டைத் தேடினார். லீஷ் தரையைத் தொடுமளவுக்குத் தொய்ந்திருந்தது.